முப்பத்தேழாம் மூட்டை யாருடையது

ஜவ்வாது மலையில் சசிகலாவின் பேர் கெட இருந்தது ஒரே ஒரு நாள். கெடுக்க வந்தவன் நான். அவளைப் பற்றி எழுத எனக்கு இதைவிட என்ன தகுதி வேண்டும்?

சசிகலாவுக்கு முப்பத்திரண்டு வயது. ஜமுனாமரத்தூருக்கு அப்பால், தன் ஊரில், பெண்கள் குழுவின் சாமை மில்லை ஓட்டுகிறாள். ஒட்டினாற்போல இருக்கும் விதைக் கிடங்கும் அவள் பொறுப்பு. பன்னிரண்டாவது முடித்து, ஒடுகத்தூரில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்தவள். மில்லில் எது நின்றாலும் ஆள் கூப்பிட மாட்டாள், தானே கழற்றுவாள்.

நான் கலசப்பாக்கத்துக்காரன். பதினோரு வருடமாக டப்ளினில் டேட்டாபேஸ் வேலை. ஊருக்கு ஏதாவது செய்யாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. செய்தால், சரியாகச் செய்தேனா என்று தூக்கம் வராது. அப்படியொரு கவலையில்தான் அந்தக் கிடங்குக்கு ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். அறுவடை முடிந்ததும் ஒவ்வொரு குடும்பமும் அடுத்த விதைப்புக்கான சாமையை அங்கே வைக்கும். மூட்டை மேல் பெயர் எழுதப் போனவளைத் தடுத்தவனும் நானே. ஐரோப்பாவில் இருந்து இருந்து, யாருடைய பெயரையாவது நாலு பேர் பார்க்க எழுதுவதென்றாலே எனக்கு உள்ளங்கை வேர்க்கிறது. "நம்பர் மட்டும் போடும்மா, பேர் கம்ப்யூட்டர்ல பத்திரமா இருக்கும்" என்றேன். நூற்றுப் பதினான்கு வெள்ளை மூட்டைகள். ஒன்றிலும் பெயர் இல்லை.

இந்த வருடம் ஆனியிலேயே நல்ல மழை. கூடவே இடி. கிடங்கின் கம்ப்யூட்டர் கருகிவிட்டது. பட்டியல் இருந்த டேட்டாபேஸ் பெட்டி மட்டும் பக்கத்து அறையில் தப்பியது. விடுமுறையில் வந்திருந்த நான், "கவலைப்படாத" என்று போனில் சொல்லிவிட்டு, உள்ளங்கை அகல லினக்ஸ் கம்ப்யூட்டர் ஒன்றோடு மலையேறினேன். நான் கவலைப்படாதே என்றால் என் மனைவி உடனே பாஸ்போர்ட் இருக்கிறதா என்று பார்ப்பாள். சசிகலாவுக்கு அந்த அனுபவம் இல்லை.

வேலை என்னவோ சின்னதுதான். சசிகலா பட்டியல் எடுக்கும் எக்செல் மாதிரிக் கணக்குத் தாளுக்கும் டேட்டாபேஸுக்கும் நடுவே ஓடிபிசி டிரைவர் என்று ஒரு புரோகிராம் நின்று, இவர் சொல்வதை அவருக்குச் சொல்ல வேண்டும். அதை நிறுவி, அது எங்கே இருக்கிறது என்று ஒரு ஃபைலிலும், எந்த டேட்டாபேஸைக் கூப்பிட வேண்டும் என்று இன்னொன்றிலும் எழுதினால் முடிந்தது. மலையில் சிக்னல் நிற்காதே என்று, டிரைவரை என் ஆபீஸ் லேப்டாப்பிலிருந்தே பென்டிரைவில் எடுத்து வந்திருந்தேன். அந்த முன்யோசனையை நினைத்து, கொண்டைஊசி வளைவெல்லாம் எனக்கே பெருமை.

ஒன்பது மணிக்கு உட்கார்ந்தேன். வாசலில் நாற்பது பேர். ஈரம் காய்வதற்குள் விதைத்தாக வேண்டும். சிட்டஞ்சாமை சீக்கிரம் விளையும், பெருஞ்சாமை மெதுவாக விளையும். தங்கள் கொல்லை நிலத்துக்கு ஏற்ப ஒவ்வொருவரும் பார்த்துப் பொறுக்கி வைத்த விதை. மூட்டை மாறினால் இனி சசிகலாவை நம்பி ஒருவரும் ஒரு படி விதை வைக்க மாட்டார்கள்.

"இன்னாம்மா சசி, எம்மூட்டய குடுத்துடேன்" என்றார் கோபால்சாமி. முன்வரிசையில் நின்ற விவசாயி, அவளுக்கு மாமன் முறை.

"எது உன்னுதுன்னு சொல்லு மாமா, தூக்கியே குடுக்கறேன்."

"பிரிச்சா சிட்டனா பெருசான்னு சொல்லுவேன். என்னுதா, பக்கத்துக் கொல்ல தமிழ்மணியோடதான்னு எப்டி சொல்றது? எம்பேர எம்மூட்டமேல எழுதுனா எவன்மா சண்டைக்கு வரப்போறான்?"

நான் திரையை விட்டுத் தலையைத் தூக்கவில்லை.

பதினொரு மணி. திரையில் ஏழாவது முறையாக அதே வரி.

"இன்னாண்ணா சொல்லுது?" என்றாள் சசிகலா.

"டிரைவர் ஃபைல் இல்லங்குது."

"இல்லியா?"

"இருக்கு. இதோ பாரு, இருக்கு."

"அப்ப பொய் சொல்லுதா?"

எழுத்துப் பிழை பார்த்தேன். அனுமதிகளை மாற்றினேன். அழித்து மறுபடி நிறுவினேன். டப்ளினுக்கு முந்தியதையும் சேர்த்து சர்வீஸில் பதினாறு வருடம் என்பதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. அவள் பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ண்ணா, இது எந்த மிஷினுக்குச் செஞ்சது?"

"லினக்ஸுக்கும்மா."

"அது தெரியும். இந்த மிஷினுக்கா, உங்க ஆபீஸு மிஷினுக்கா?"

நான் பென்டிரைவைத் திருப்பிப் பார்த்தேன்.

"நாங்க மில்லுக்கு பெல்ட்டு வாங்கப் போனா, அறுந்தத பையில போட்டுக்கினுதான் பஸ் ஏறுவோம். ஒடுகத்தூரு கடையில வெச்சுப் பாத்து, சேருதான்னு கண்ணால பாத்துட்டுதான் வாங்குவோம். சேராதத வாங்கினு வந்தா ஒரு நாளு போச்சுல்ல? நீங்க பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. அந்த டிரைவர் எந்த வகைச் சிப்புக்கானது என்று கேட்க ஒரே ஒரு கட்டளை போதும். போட்டேன். லேப்டாப்பின் சிப்புக்கானது. இந்தக் குட்டிப் பெட்டியின் சிப் வேறு ஜாதி. ஃபைல் இருந்தது, திறக்கத்தான் முடியவில்லை. அதைச் சொல்லத் தெரியாத கம்ப்யூட்டர், 'இல்லை' என்று சொல்லியிருக்கிறது. டப்ளினிலிருந்து ஐயாயிரம் மைல் சேராத பெல்ட்டைச் சுமந்து வந்திருக்கிறேன்.

சிக்னல் தண்ணித் தொட்டி மேட்டில்தான் வரும் என்றாள். போனோடு ஏறி, சரியான டிரைவரை இறக்கினேன். இரண்டு எம்பிகூட இல்லை. திரும்புகையில் சேற்றில் வழுக்கி உட்கார்ந்ததை நாற்பது பேரும் பார்த்தார்கள்.

நிறுவினேன். பெயர்கள் மளமளவென்று வந்தன. எழுந்து அவளை உட்கார வைத்தேன். அவள் தன் பாஸ்வேர்டு போட்டுத் திறந்தாள். ஒன்றும் இல்லை.

"உங்களுக்கு மட்டும் வருது, எனக்கு வர்ல" என்றாள், கோபமே இல்லாமல். கோபப்பட்டிருந்தால் தேவலாம் போலிருந்தது. டேட்டாபேஸின் விலாசத்தை என் கணக்குக்குள் மட்டும் எழுதி வைத்திருக்கிறேன். எல்லோருக்கும் பொதுவான ஃபைலில் அதை மாற்றி எழுதியபோது மணி ஒன்று.

"முப்பத்தேழு, கோபால்சாமி" என்று சசிகலா படித்தாள்.

அவர் அதை நம்பிவிடவில்லை. மூட்டையைப் பிரித்து, நாலு மணியை வாயில் போட்டு மென்றார். பிறகு அடியில் கைவிட்டு, காய வைத்த வேப்பிலைக் கொத்து ஒன்றை இழுத்தார். வாழைநாரால் கட்டியிருந்தது.

"எம்பொண்டாட்டி கட்டுனதுதான்."

பின்னால் நின்றவர்கள் நெருங்கி வந்தார்கள். சசிகலா அடுத்த எண்ணைப் படித்தாள்.

கோபால்சாமி மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு வாசலில் நின்றார்.

"சசி, அடுத்த வருசமும் உங்கிட்டயேதான் வெப்பேன்" என்றார். என் பேன்ட்டின் பின்பக்கச் சேற்றை ஒரு பார்வை பார்த்தார். "இவுரு மட்டும் லீவுக்கு வேற எங்கனா போவட்டும்."