பிஸ்கட் கொடுக்காமல் வெட்டிய நாலு பெயர்கள்

இன்றைக்குச் சந்தித்தது மாகிரட் அக்காவை! ஒக்லாந்தின் ஈஸ்ட் டாமாக்கியில் ஒரு கோல்ட் ஸ்டோர், உறைந்த சாப்பாட்டுச் சாமான் வைக்கிற குளிர்க் கிடங்கு; அதன் பின்வாசலில் லொறிகள் வந்து நிற்கும் இடம். அரை மணி நேரச் சாப்பாட்டு இடைவேளையில், நின்ற நிலையிலேயே முழுக் கதையையும் சொல்லி முடித்தார். கையிலிருந்த பாணை இரண்டு கடிதான் கடித்திருப்பார். எல்லாம் நடந்து முடிந்து பத்து நாளாகிறது. ஆனாலும் சொல்லச் சொல்ல அவருக்குக் கோபம் ஏறியது; கேட்ட எனக்கும் தொற்றிக்கொண்டது. சூடு ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும்.

மாகிரட்டுக்கு நாற்பத்தெட்டு வயது. மன்னாரிலிருந்து ஒக்லாந்துக்கு வந்து பதினாறு வருடம், வீடு மாசி என்ற புறநகரில். பகலில் கோல்ட் ஸ்டோரில் டிஸ்பாட்ச் சூப்பர்வைசர்: எந்த லொறியில் எது ஏற வேண்டும், எது முதலில், எது கடைசியில் என்று சொல்பவர். மிச்ச நேரமெல்லாம் வெஸ்ட் ஹெரன்ஸ் என்ற சின்னக் கிளப்பின் லிஸ்ட் மனேஜர், அதாவது அணிப் பட்டியலில் யார் யார் என்று தீர்மானிப்பவர். சம்பளம் இல்லாத வேலை, ஏச்சு மட்டும் தாராளமாகக் கிடைக்கும். விளையாட்டு, ஒஸ்ரேலியன் ரூல்ஸ் ஃபுட்பால். நீள்வட்ட மைதானம், பக்கத்துக்குப் பதினெட்டுப் பேர், இரண்டு முனையிலும் நாலு நாலு கம்பம். பந்தைக் காலால் அடிக்கலாம், முஷ்டியால் குத்தியும் கொடுக்கலாம். ரக்பியை மூச்சாக விடுகிற நாட்டில் இதற்கு ஆள் பிடிப்பது கல்லில் நார் உரிக்கிற வேலை.

அவர் இதற்குள் வந்ததே ஒரு விபத்து. எட்டு வருடத்துக்கு முன் வேலையிடத்துப் பெடியள் விளையாடப் போனபோது, கம்பத்துக்குப் பின்னால் நின்று, கோல் விழுந்தால் கொடி அசைக்க ஆள் இல்லை. "அக்கா, சும்மா நிண்டா போதும்" என்று கூட்டிப் போனார்கள். அவர் சும்மா நிற்கவில்லை. அந்த இடத்திலிருந்து பார்த்தால் மைதானம் முழுவதும் ஒரு லொறியின் உட்புறம் மாதிரித் தெரிந்ததாம். எங்கே பாரம் கூடிப்போச்சு, எங்கே வெற்றிடம் கிடக்கு, எது அடுத்த திருப்பத்தில் சரியப்போகுது, எல்லாம்.

ஹெரன்ஸில் உயரமான ஆட்கள் குறைவு. எதிரணி உயரத்தில் பந்தைப் பிடித்துப் பிடித்தே வென்றுகொண்டிருந்தது. மாகிரட் ஒரு நாள் பலகையில் மார்க்கரால் கோடு கீறிக் காட்டினார்.

"உயரத்தில எங்களிட்ட ஆளில்லை. அப்ப பந்து ஏன் உயரத்தில இருக்கோணும்? நிலத்துக்கு இறக்குங்கோ. இறங்கின இடத்தில எங்கட ஆக்கள் அஞ்சு பேர் நிக்கோணும்."

அவ்வளவுதான் அவருடைய தந்திரம். அதற்கு ஓடக்கூடிய ஆறு பேர் வேண்டும். கடைசி வரிசையில் ஒரு கிளின்ரன் வேண்டும். கிளின்ரனுக்கு முப்பத்தாறு வயது, மாகிரட்டின் கோல்ட் ஸ்டோரிலேயே ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். அவன் பந்தைப் பிடிக்கவே கூடாது, அது மாகிரட்டின் கட்டளை. வருகிற பந்தைக் குத்தி எல்லைக்கு வெளியே தள்ளிவிட வேண்டும். ஆட்டம் நிற்கும், மற்றவர்கள் மூச்செடுத்துத் தங்கள் இடத்துக்கு வந்து சேருவார்கள். அதனால் கிளின்ரனின் கணக்கில் கோலும் இல்லை, பிடித்த பந்தும் இல்லை. தாளில் பார்த்தால் அவன் விளையாடினதாகவே தெரியாது.

சீசன் ஒக்ரோபரில் தொடங்கும். குளிர்காலம் முழுவதும் லிஸ்ட் கட்டுகிற காலம். ஒருவனுக்கு பிரிஸ்பனில் வேலை கிடைத்துவிடும், ஒருவனுக்கு விசா முடியும், ஒருவனுக்குக் கல்யாணம். இருபத்தாறு பெயர்தான் கொடுக்கலாம். கொடுத்த பிறகு பாதிச் சீசன் வரை மாற்ற முடியாது. ஆகவே யாராவது வெட்டுப்பட்டே ஆக வேண்டும். அதற்கு மாகிரட் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார். யாருடைய பெயர் போகிறதோ அவன் வீட்டுக்கு நேரே போவார், கையில் ஒரு பிஸ்கட் பெட்டியோடு. தேத்தண்ணி குடிப்பார், முகத்தைப் பார்த்துச் சொல்லுவார், ஏன் என்று விளக்குவார், அவன் ஏசினால் கேட்டுக்கொண்டிருப்பார். கிளப்பில் இது பெரிய பகிடி. "மாகிரட் அக்கா பிஸ்கட்டோட வந்தா ஆள் முடிஞ்சுது" என்பார்கள். ஒரு நத்தாருக்கு, கிறிஸ்மஸ் நாளில், அவர் அன்பாக பிஸ்கட் கொண்டுபோன வீட்டில் ஒருவன் கதவையே திறக்கவில்லையாம்.

இந்த வருடம் ஓகஸ்ட் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. காலை பத்து மணித் தேத்தண்ணி நேரம். கிளின்ரன் ஃபோர்க்லிஃப்டை நிறுத்திவிட்டு வந்து, போனை மாகிரட்டிடம் நீட்டினான். ஹெரன்ஸ் வாட்ஸ்அப் குழு. கீழே சாம்பல் நிறத்தில் ஒரு வரி: கேதீஸ்வரன் உங்களை நீக்கிவிட்டார்.

கிளின்ரன் சிரிக்கப் பார்த்தான், வரவில்லை.

"அக்கா, எனக்கு ஒரு பிஸ்கட் கூட இல்லையே?"

மாகிரட் தன் போனை எடுத்துப் பார்த்தார். நாலு பேர் நீக்கப்பட்டிருந்தார்கள். கிளின்ரன், கோயம்புத்தூர்க்காரன் மதன்குமார், ஒரு சமோவாக்காரன், ஒரு பிலிப்பினோ. நாலு பேரும் இதே கோல்ட் ஸ்டோர். அந்த நால்வருக்குக் கீழே நாலு புதுப் பெயர்கள், வரவேற்புக் கைதட்டல்களோடு.

கேதீஸ்வரன் கிளப்பின் தலைவர், வீடு விற்கிற ஏஜென்ட், ஐம்பத்திரண்டு வயது. கிளப்புக்காக ஓடியாடி உழைக்கிறவர்தான், இல்லையென்று சொல்ல முடியாது. அன்று பின்னேரம் மாகிரட் அவருடைய ஒஃபிஸுக்கே போய் நின்றார்.

"இருங்கோ மாகிரட். நாலு பெடியளைப் பிடிச்சிருக்கிறன், யூனிவர்சிட்டிப் பெடியள். நாலு பேரும் ஆறடி நாலுக்கு மேல. இனி எங்களை ஆர் அசைக்கிறது?"

"லிஸ்ட் மனேஜர் நானா, நீங்களா?"

"கோவிக்காதேங்கோ. நான் சும்மா வெட்டேல்லை. அட்டென்டன்ஸ் பாத்துத்தான் வெட்டினனான். இந்தா பாருங்கோ, போன வருசம் இந்த நாலு பேரும் பாதி நாள் கூட வரேல்லை. பிராக்டிஸுக்கும் இல்லை, மட்சுக்கும் இல்லை."

மாகிரட்டுக்குத் தலைக்குள் கிண்ணென்று ஏறியது. ஏனென்றால் அந்த வராத நாட்களை உண்டாக்கியதே அவர்தான்.

ஹெரன்ஸில் பத்துப் பேர் அந்தக் கோல்ட் ஸ்டோர். ஐஸ்கிரீமும் மீனும் சனிக்கிழமை என்று பார்க்காது. பயிற்சி நடக்கிற வியாழன் பின்னேரமும் மட்ச் நடக்கிற சனிக்கிழமையும் கட்டாயம் ஆள் நிற்க வேண்டும். அந்த ஷிப்டுகளை இந்த நால்வர் தாமாகக் கேட்டு எடுத்தார்கள். ஒரு சனி விளையாடினால் அடுத்த சனி வேலைக்கு நின்று, ஓடுகிற மிச்ச ஆறு பேரையும் மைதானத்துக்கு அனுப்பினார்கள். ரோஸ்டரில், அதாவது வேலை அட்டவணையில், அதை ஒழுங்குபண்ணிக் கொடுத்தவர் மாகிரட். லொறியில் அடியில் கிடக்கிற பலட், சாமான் அடுக்கிய மரத்தட்டு, கண்ணுக்குத் தெரியாது, அதை உருவினால் மேலே உள்ளதெல்லாம் சரியும்.

"கேதீஸ் அண்ணை, அவங்கள் வராததாலதான் மற்ற ஆறு பேரும் வந்தவங்கள். விளங்குதே?"

"அது வேலையிடத்துக் கதை. கிளப்புக்கு என்னத்துக்கு?"

"என்ன கதை கதைக்கிறியள்? இது இல்லாட்டிக் கிளப்பே இல்லை!"

"சனிக்கிழமை பயிற்சி மட்ச் இருக்குத்தானே, அப்ப பாப்பம்" என்றார் கேதீஸ்வரன். போன் அடித்தது, எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

மாகிரட் வீட்டுக்குப் போய்ப் பாத்திரங்களைக் கழுவிய சத்தத்தில் மகள் துஷானி அறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"மம், ஜஸ்ட் குவிட். அவங்க உங்களுக்கு பே பண்ணுறதே இல்லை."

"விட்டுப்போட்டு வந்தா அந்த நாலு பேருக்கும் ஆர் கதைக்கிறது? நீ போய்ப் படி!"

லிஸ்டைக் கொடுக்க அடுத்த திங்கட்கிழமை மாலை ஐந்து மணி வரை நேரம் இருந்தது. அதற்குள் நாலு பெயரும் திரும்ப ஏற வேண்டும். இல்லாவிட்டால் ஹெரன்ஸ் ஒரு தாளில் எழுதிய பெயர்ப்பட்டியல் மட்டும்தான்.

சனிக்கிழமை வந்தது. நீக்கப்பட்ட நால்வரும் யாரையும் பழிவாங்கவில்லை. மற்றவர்களுக்காக எழும்பிப் போய் ஷிப்ட் கேட்கவில்லை, அவ்வளவுதான். ரோஸ்டர் தன்பாட்டில் விழுந்தது. ஓடுகிற ஆறு பேரும் வேலையில். இன்னும் இரண்டு பேர் லீவில் ஊருக்குப் போயிருந்தார்கள், ஒருவனுக்கு முழங்காலில் வீக்கம். இருபத்தாறு பேர் லிஸ்டில் மைதானத்துக்கு வந்தது பதினேழு பேர். பதினெட்டுக்கே ஒருவர் குறைவு!

நாலு உயரப் பெடியளும் முன்வரிசையில் மின்கம்பம் மாதிரி நின்றார்கள், பாவங்கள். பந்தை அவர்களிடம் கொண்டுபோய்ச் சேர்க்க நடுவில் ஒருவரும் இல்லை. பின்னால் குத்தி வெளியே தள்ளவும் யாரும் இல்லை. மாகிரட் வழக்கம்போலக் கம்பத்துக்குப் பின்னால் நின்றார். எதிரணிக்குக் கோல் விழுந்தால் அவர்தான் இரண்டு கொடியையும் அசைக்க வேண்டும். அசைத்தார், அசைத்தார், தோள்மூட்டு நோகும் வரை அசைத்தார். நூறு புள்ளிக்கு மேல் தோல்வி.

முடிந்ததும் கேதீஸ்வரன் வந்து நின்றார். முகத்தில் ரத்தம் இல்லை. வாய் மட்டும் விடவில்லை.

"அந்த ஆறு பேருக்கும் பொறுப்பில்லை. அவங்களையும் தூக்கிப்போட்டு வேற ஆள் பாப்பம்."

மாகிரட் கொடிகளை நிலத்தில் எறிந்தார். எட்டு வருடத்தில் முதல் முறை.

"தூக்குங்கோ! எல்லாரையும் தூக்குங்கோ! பிறகு நீங்களும் உங்கட அட்டென்டன்ஸ் தாளும் போய் விளையாடுங்கோ. லிஸ்டில என்ர கையெழுத்து இல்லாமல் அது போகாது. நான் போட மாட்டன். கிளின்ரன் அஞ்சு வருசம், அண்ணை, அஞ்சு வருசம் கையால பந்தைக் குத்தி விரல் ரெண்டு வளைஞ்சு போச்சு. அவனை ஒரு பட்டனை அமத்தி அனுப்பினீங்களே! வீட்டை போய்ச் சொல்ல உங்களுக்குக் கால் இல்லையே? இந்த நாலு நெட்டைப் பெடியள் என்ன பிழை செய்தவங்கள்? அவங்களுக்கும் பொய் நம்பிக்கை குடுத்து வைச்சிருக்கிறீங்கள்."

சுற்றி நின்ற பதினேழு பேரும் சப்பாத்துக் கயிற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

கேதீஸ்வரன் குனிந்து கொடிகளைப் பொறுக்கிக்கொண்டு கேட்டார்: "இப்ப நான் என்ன செய்யிறது?"

"நீங்கள்தான் போகோணும். வீடு வீடா. திருப்பிக் கூப்பிடுற வீட்டுக்கு வெறுங்கையோட. வெட்டுற வீட்டுக்கு பிஸ்கட்டோட."

ஆனால் ஒரு வீட்டுக்கு ஏற்கெனவே பிந்திவிட்டது. மாகிரட் அன்று மாலையே மதன்குமாருக்கு போன் எடுத்தார்.

"அக்கா, நான் வியாழக்கிழமையே சைன் பண்ணிட்டேங்க. துறைமுகப் பாலத்துக்கு அந்தப் பக்கத்து கிளப்புல. அவங்க கோச் வீட்டுக்கே வந்து பேசுனாரு. நம்மாளுங்க ஒரு வார்த்தை பேசலையே. நான் என்ன பண்றது, சொல்லுங்க?"

மாகிரட் "நல்லா விளையாடு" என்றார். போனை வைத்த பிறகுதான் அழுகை வந்ததாம், அதுவும் கோபத்தில் வந்த அழுகை. மூன்று வருடமாகப் பார்த்துப் பார்த்து வளர்த்த இடதுகால் ஆட்டக்காரன்.

ஞாயிறு பூசை முடிந்த நேரம், கேதீஸ்வரன் லின்ஃபீல்டில் கிளின்ரன் வீட்டுக் கதவைத் தட்டினார். மாகிரட் காருக்குள் இருந்தார், கண்ணாடியை இறக்கிவிட்டு. கதவைத் திறந்த கிளின்ரனின் மனைவி தர்சிகா முதலில் அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தாள். பிஸ்கட் இல்லை என்று உறுதியான பிறகே "வாங்கோ" என்றாள்.

கிளின்ரன் வாசல் வரை வந்தான், உள்ளே கூப்பிடவில்லை.

"நான் பிழை விட்டிட்டன் தம்பி" என்றார் கேதீஸ்வரன். "நீ ஆருக்காக சனிக்கிழமை வேலைக்கு நிண்டனி எண்டு எனக்குத் தெரியாது."

"தெரியாது இல்லை அண்ணை. நீங்கள் கேக்கேல்லை."

"ஓம். கேக்கேல்லை."

"எல்லாரும் பாக்கத்தானே என்னைத் தூக்கினீங்கள். எல்லாரும் பாக்கத் திருப்பிப் போடுங்கோ. இப்ப, இஞ்ச நிண்டு. ஏன் எண்டும் எழுதுங்கோ."

வீடுகளைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிற மனிதருக்கு அந்த மூன்று வரி எழுதப் பத்து நிமிடம் எடுத்தது. மாகிரட்டின் போன் காருக்குள் சிணுங்கியது. "பிழை என்னுடையது. ஆரையும் கேக்காமல் நீக்கினேன். மன்னிக்கவும்." அதன் கீழே சாம்பல் வரி: கிளின்ரன் சேர்க்கப்பட்டார். பிறகு கிளின்ரனின் முதல் செய்தி: "வாற வியாழன் ஷிப்ட் ஆருக்கு மாத்தோணும்?"

இதைச் சொல்லும்போது மாகிரட் அக்கா பாணைக் கடதாசியில் சுற்றி வைத்துவிட்டார், சாப்பிட முடியவில்லை.

அன்றே மற்ற இரண்டு வீடுகளுக்கும் போனார்கள், இருவரும் திரும்பி வந்தார்கள். மதன்குமாரின் இடத்தில் உயரப் பெடியன் ஒருவன் நின்றான். மிச்ச மூன்று பேரின் வீட்டுக்கும் கேதீஸ்வரன் மூன்று பிஸ்கட் பெட்டியோடு தனியாகப் போனார். ஒரு வீட்டில் நன்றாக ஏச்சு வாங்கினாராம். "வாங்கட்டும்" என்கிறார் மாகிரட். திங்கள் மாலை நாலு இருபதுக்கு லிஸ்டில் கையெழுத்துப் போட்டார்.

கோபம் போய்விட்டதா என்று கேட்டால், "போகுமே? முதல் மட்சே மதன்குமாருக்கு எதிராத்தான்" என்று லொறிப் பக்கம் திரும்பிவிட்டார்.

அந்த மட்ச் ஒக்ரோபர் முதல் சனிக்கிழமை. ஆறு பேரும் ஓட வேண்டும், பின்னால் கிளின்ரனும் நிற்க வேண்டும். அப்படியென்றால் அன்றைக்குக் கோல்ட் ஸ்டோரில் அவர்களுக்குப் பதிலாக நிற்க ஆட்கள் வேண்டும். ஃபோர்க்லிஃப்ட் லைசென்ஸ் உள்ள, அந்த ஒரு சனிக்கிழமை வேலை எடுக்கக்கூடிய யாரையாவது உங்களுக்குத் தெரியுமா? தயவுசெய்து இதைப் பகிருங்கள், அவர்கள் கண்ணில் படட்டும். வேலை எடுக்க முடியாதவர்கள் மைதானத்துக்கு வாருங்கள். கம்பத்துக்குப் பின்னால் இரண்டு கொடியோடு நிற்பவர்தான் மாகிரட் அக்கா, போய் ஒரு வணக்கம் சொல்லுங்கள். கையில் பிஸ்கட் மட்டும் கொண்டுபோகாதீர்கள்!