ஆளில்லாத கப்பல்தளம்

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். கப்பற்படையில் இருந்த பதினைந்து வருடமும் அது எனக்கு நல்ல பெயரைத்தான் வாங்கித் தந்தது. விமானம் வந்து இறங்கும் கப்பல்தளத்தில் சாந்தமான ஆளால் ஒரு பிரயோஜனமும் இல்லை, அங்கே கத்தத் தெரிய வேண்டும். ஊருக்குத் திரும்பிய பிறகு கத்த வேண்டிய ஒரு இடத்தில் கத்தாமல் இருந்துவிட்டேன். அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் வருவேன், நேராக வர இன்னும் தைரியம் போதவில்லை.

இப்போது எனக்கு அறுபது தாண்டிவிட்டது. நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் மகள் வாங்கிக் கொடுத்த கம்ப்யூட்டர் இருக்கிறது. மதியம் சாப்பிட்டுக் கை கழுவியதும் அதன் முன்னால் உட்கார்ந்து விமானம் ஓட்டுவேன். "ஏர்போர்ட்டுக்குக் கெளம்பியாச்சா?" என்று மனைவி கிண்டல் செய்வாள். கரண்ட் போனால் விமானமும் கடலுக்குள் போய்விடும், அதற்கும் சிரிப்பாள்.

நான் ஓட்டுவது சண்டை விமானம் இல்லை. மூக்கில் ஒற்றைக் காற்றாடி சுற்றும் கிழட்டு விமானம். நீர்மூழ்கிக் கப்பலைத் தேடுவது அதன் உத்தியோகம். கரையிலிருந்து வரும்போது உதிரிப்பாகம், மருந்து, தபால் மூட்டை எல்லாம் அதன் வயிற்றில் வரும், அதனால் எங்களுக்கு அது தபால்காரர். இருபது நாள் கடலில் கிடந்த பிறகு அதன் உறுமல் கேட்டால் சமையல்காரன்கூட கரண்டியோடு மேலே ஓடி வருவான். அந்த விமானத்தையும் அது இறங்கும் கப்பலையும் யாரோ ஒரு புண்ணியவான் அச்சு அசலாகக் கம்ப்யூட்டருக்குள் செய்து வைத்திருக்கிறான். அதை இறக்கிக்கொள்ளும் இணையப் பக்கத்தின் கீழே பழைய மாலுமிகள் தங்கள் நினைவுகளை எழுதியிருக்கிறார்கள். ஒருவர் எஞ்சின் அறையின் வெக்கையை, ஒருவர் புயலில் தட்டோடு வழுக்கிப்போன சோற்றை, ஒருவர் நனைந்து எழுத்து கரைந்துபோன மனைவியின் கடிதத்தை. அத்தனையும் படித்தேன். ஒயரைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை.

தளம் சின்னது. அதற்குக் குறுக்கே கனத்த எஃகு ஒயர் கட்டியிருக்கும். இறங்கும் விமானத்தின் வால் கொக்கி அதைக் கவ்வினால்தான் விமானம் நிற்கும், தவறினால் கடல்தான். நான் ஒயர்க்காரன். விமானம் நின்றதும் ஓடிப்போய்க் கொக்கியை விடுவித்து, ஒயரைப் பழந்துணியால் தடவிக்கொண்டே போவேன். துணி எங்காவது மாட்டினால் அந்த இடத்தில் இழை அறுந்திருக்கிறது என்று அர்த்தம், உடனே ஒயரை மாற்றிவிடுவோம். இறுகி நிற்கும் ஒயருக்குப் பக்கத்தில் யாரும் நிற்கக் கூடாது. நின்றால் பார்த்தவன் கத்த வேண்டும். கத்துவதற்குப் பதவி எல்லாம் கிடையாது. ஒரு முறை கமாண்டரையே கெட்ட வார்த்தை சேர்த்துக் கத்தினேன். அவர் துள்ளித் தள்ளிப்போய் நின்று, கையைத் தூக்கி நன்றி சொன்னார்.

ஒரு நாள் கத்துவதற்கு நேரமே கிடைக்கவில்லை. கொக்கி கவ்விய வேகத்தில் ஒயர் அறுந்து தளத்தைக் கூட்டிப் பெருக்கிக்கொண்டு போனது. எனக்கு இரண்டடி முன்னால் நின்றவன் ஒடிசாக்காரன், காலையில் என்னிடம் பிளேடு வாங்கிச் சவரம் செய்தவன். இரண்டு காலும் முழங்காலுக்கு மேலேயே போய்விட்டன. அவனுக்கு அது தெரியவில்லை, எழுந்து நிற்கப் பார்த்தான். பெல்ட்டைக் கழற்றி ஒரு தொடையைக் கட்டினேன். இன்னொரு தொடைக்குப் பெல்ட் இல்லை, கையால் அழுத்திக்கொண்டிருந்தேன். கைக்கு அடியிலேயே அவன் ஆறிப்போனான். சாயங்காலம் உப்புத்தண்ணீர் அடித்துத் தளத்தைக் கழுவினோம். மறுநாள் காலையில் வழக்கம்போல எல்லோரும் தோளோடு தோள் உரச வரிசையாக நடந்து, ஆணி, திருகு, கல் என்று கீழே கிடப்பதைப் பொறுக்கினோம். எஞ்சினுக்குள் எதுவும் போய்விடக் கூடாதென்று தினமும் செய்கிற வேலைதான் அது. அன்றைக்கு எனக்கு ஒரு எலும்புச் சில்லு கிடைத்தது. எந்த டப்பாவில் போடுவதென்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

அதே வருடம் படையிலிருந்து விடுபட்டு ஊருக்கு வந்தேன். அப்பா பண்ணைக் கூலியாக இருந்து, பிறகு அதே பண்ணையின் ஒன்பது மா நிலத்துக்கு, அதாவது மூன்று ஏக்கருக்கு, குத்தகைக்காரர் என்று தாலுக்கா ஆபீசில் பெயர் பதிந்தவர். அந்தத் தாளை எங்கள் யார் கையிலும் கொடுக்க மாட்டார். பண்ணை வீட்டார் அவருக்குத் தெரியாமல் நிலத்தை ஒரு அரிசி ஆலைக்காரருக்கு விற்றுவிட்டார்கள். அப்பா நிலத்தை விட்டு இறங்கவில்லை. அந்தச் சமயத்தில் ஆட்சி மாறியது. கடைத்தெருக் கொடிக்கம்பங்களுக்குப் புது வண்ணம் அடித்தார்கள், ஆலைக்காரரின் வேட்டிக் கரையும் மாறியது. கரை மாறிய தைரியத்தில் அவர் ஆள் அனுப்பினார்.

சம்பா நட்டு இருபது நாள், பயிர் பச்சை பிடித்திருந்தது. காலை ஒன்பது மணிக்கு டிராக்டரை வயலில் இறக்கினார்கள். நட்ட பயிரை உழுது புரட்டிவிட்டால் நிலம் தரிசாகக் கிடந்தது என்று விசாரணையில் சொல்லிவிடலாம், எங்கள் பக்கத்தில் இது பழைய வித்தை. அப்பா குறுக்கே போய் நின்றார். ஆலையில் மூட்டை தூக்கும் ஒருவர், பக்கத்து ஊர்க்காரர், முப்பது வயதிருக்கும், மண்வெட்டியைத் திருப்பிப் பிடித்துக் காம்பால் அப்பாவின் தோளில் போட்டார். காறை எலும்பு உடைந்தது வரப்பில் ஓடிவந்துகொண்டிருந்த எனக்குக் கேட்டது.

"பெரிய நெலக்காரரு. எழுந்திரிடா" என்றார். அப்பாவுக்கு அவர் மகன் வயது.

பாய்ந்து அவர் மூக்கை உடைத்தேன். எனக்கு இரண்டு பல் போயிற்று. நாலு பேர் என்னைக் கவிழ்த்துச் சேற்றில் முகத்தைப் புதைத்து, முதுகில் ஏறி நின்றார்கள். மூக்கிலும் வாயிலும் சேறு. கடலில் சாகாதவன் கணுக்கால் தண்ணீரில் சாகப்போகிறேன் என்றுதான் நினைத்தேன். அம்மா அரிவாளோடு வந்து ஒருவன் கையைக் கிழித்த பிறகுதான் விட்டார்கள். அம்மாவும் எங்கள் தெருப் பெண்களும் அப்பாவை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். நான் எழ முடியாமல் வரப்பில் உட்கார்ந்து ரத்தம் துப்பிக்கொண்டிருந்தேன். டிராக்டர் பயிரைப் புரட்டிக்கொண்டே இருந்தது.

வாய்க்கால் பக்கத்து மூலையில் ஒரு உளை உண்டு. எங்கள் மாடுகூட அங்கே கால் வைக்காது. அவர்களுக்கு அது தெரியாது, டிராக்டர் அச்சு வரைக்கும் இறங்கிவிட்டது. ரோட்டில் நின்ற லாரியிலிருந்து எஃகு ஒயரை இழுத்து வந்து டிராக்டரின் முன்னால் மாட்டினார்கள். எனக்குப் பத்தடி தூரத்தில் கிடந்தது ஒயர். நடுவில் இழைகள் அறுந்து பிசிறிட்டு நின்றன. தடவிப் பார்க்கத் துணி தேவையில்லை, கண்ணுக்கே தெரிந்தது. அப்பாவை அடித்தவர் முன்சக்கரத்துச் சேற்றை வெட்டிவிட்டு, ஒயரை ஒட்டி இடது காலை ஊன்றி நின்றார். லாரி உறுமியது. ஒயர் சேற்றை உதறிக்கொண்டு எழுந்து நேராயிற்று.

மூன்று மூச்சு நேரம் இருந்தது. வாயைத் திறந்தேன். பிறகு மூடிக்கொண்டேன். எங்கள் தெரு ஆட்கள் அவர்கள் தெரு ஆட்களை அதட்டிப் பழகியதில்லை என்று காரணம் சொல்லலாம். அது சாக்கு. கமாண்டரையே அதட்டியவன் நான். போகட்டும் அவன் கால் என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

ஒயர் அறுந்தது. முழங்காலுக்குக் கீழே துண்டான கால் விழக்கூட இல்லை, சேற்றில் தனியாக நின்றது. அதைப் பக்கத்தில் விழுந்து கிடந்து அவர் பார்த்துக்கொண்டிருந்தார். லாரி டிரைவர் முதலில் ஓட்டம் பிடித்தான், பின்னாலேயே மற்றவர்கள். என் கை அதற்குள் பெல்ட்டைக் கழற்றிவிட்டிருந்தது. வாய்க்கு இல்லாத புத்தி கைக்கு இருந்தது. தொடையைக் கட்டி முறுக்கி, தோளில் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு வந்து பஸ்ஸை மறித்தேன். தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் அப்பாவுக்கு இரண்டு கட்டில் தள்ளி அவரைப் போட்டார்கள்.

பிழைத்துக்கொண்டார். ஆலைக்காரர் ஒரு நாள் வந்து நாலு ஆரஞ்சுப் பழத்தை வைத்துவிட்டுப் போனதோடு சரி. தாசில்தார் விசாரணைக்குக் கால் போனவர் கட்டை ஊன்றிக்கொண்டு வந்தார். "நட்டது அவங்க. அழிச்சது நாங்க" என்று சொன்னார். அந்த வாக்குமூலத்தில்தான் ஒன்பது மாவும் எங்களிடம் நின்றது. உயிரைக் காப்பாற்றியவனுக்கு நன்றி காட்டினான் என்று ஊர் பேசியது. அந்த நிலத்து நெல்லைத்தான் இருபது வருடத்துக்கு மேலாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். சோறு தொண்டையில் சிக்கியது என்று எழுதினால் பொய், நன்றாகத்தான் இறங்கியது. அதுதான் எனக்குக் கேவலமாக இருக்கிறது.

அவர் இந்தப் பக்கம் வரும்போதெல்லாம் எங்கள் வீட்டுக்கு வந்து உட்காருவார். வெயிலுக்கு அரிக்கிறது என்று செயற்கைக் காலைக் கழற்றிச் சுவரில் சாய்த்துவிட்டு, நான் விமானம் இறக்குவதைப் பார்ப்பார். உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் நினைப்பேன். முதலில், வாக்குமூலத்தை மாற்றிவிடுவாரோ என்று பயந்தேன். பிற்பாடு, இனி வராமல் போய்விடுவாரோ என்று பயந்தேன்.

போன சித்திரையில் ஒரு மதியம். தூரத்தில் கப்பல் தெரிந்தது, விமானத்தைத் தாழ்த்திக்கொண்டிருந்தேன்.

"ஏன் நேவி, கப்பல்ல ஒரு ஆளையும் காணும்?" என்று கேட்டார்.

"வெளையாட்டுதானே, ஆள் வைக்கல."

"அந்த ஒயரு அறுந்தா?"

"இதுல அறுவாது."

"நெசத்துல?"

"யாராவது பாத்துட்டுக் கத்துவாங்க. கால எடுன்னு."

சுவரில் சாய்த்திருந்த செயற்கைக் காலை ஒரு தடவை பார்த்தார். பிறகு திரையைப் பார்த்தபடியே சொன்னார். "அன்னிக்கு நீங்க ஒயரப் பாத்தீங்க. அப்பறம் என் காலப் பாத்தீங்க. வாயத் தொறந்தீங்க. அப்பறம் மூடிட்டீங்க."

விசையை விட்டுவிட்டேன். விமானம் கப்பலைத் தாண்டிக் கடலில் விழுந்தது.

"தெரிஞ்சுமா எங்களுக்குச் சாட்சி சொன்னீங்க?"

"நட்டது நீங்கதானே. உங்கப்பாவ அடிச்சது இந்தக் கை. உங்க எடத்துல நான் இருந்தாலும் வாய் வந்திருக்காது." வேட்டியை இழுத்துவிட்டுக்கொண்டார். "எனக்கு ஒண்ணுதான் தெரியணும். நீங்க கத்தியிருந்தா நான் கால எடுத்திருப்பனா? அவ்வளவு நேரம் இருந்துச்சா? வருசக்கணக்கா இதே நெனப்புதான் ஓடுது."

"இருந்துச்சு" என்றேன்.

அவர் நம்பவில்லை. "அன்னிக்கு எப்படிக் கத்தியிருப்பீங்களோ, அப்படி இப்பக் கத்துங்க" என்றார்.

"வேணாங்க."

"கத்துங்க. அதுக்குத்தான் இத்தன வருசம் வந்துகிட்டிருக்கேன்." கண்ணை மூடிக்கொண்டார்.

எழுந்து நின்றேன். வாய் திறந்தது, மூடிக்கொண்டது. மறுபடி திறந்தேன்.

"கால எடுடா."

மனைவி அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். அவருடைய இடது தொடை நாற்காலியிலிருந்து வெடுக்கென்று எழும்பி, முழங்கால் மார்பில் இடித்து நின்றது. வேட்டி நுனி காற்றில் ஆடியது. கண்ணைத் திறந்து அதைப் பார்த்தார்.

"நேரம் இருந்திருக்கு" என்றார்.