முடியில் மூன்று மாதம்

பிரிக்பீல்ட்ஸில் நான் காலையில் சாப்பிடும் கடையில் எனக்கு வைத்திருக்கும் பெயர் ‘சலூன் பொண்ணு’. மதுரையிலிருந்து இந்த நாட்டுக்கு வந்த புதிதில் கல்லாவில் இருக்கும் அக்கா எங்கே வேலை என்று கேட்டார். பெட்டாலிங் ஜெயாவில் ஓர் ஆய்வகத்தில், மனிதர்களின் முடியை வாங்கிப் பரிசோதிக்கிற வேலை என்றேன். அவர் முடியைப் பிடித்துக்கொண்டார், மற்றதையெல்லாம் விட்டுவிட்டார். “சலூன்லயா? நல்ல வேலதான் லா. எனக்கு நரைக்கு டை அடிச்சா எவ்வளவு ஆவும்?” என்று கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மதுரையில் சலூன் என்பது ஆண்கள் முகம் மழிக்கப் போகிற இடம். பெண்கள் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டோம். இங்கே பாட்டி முதல் பேத்தி வரை சலூனுக்குத்தான் போகிறார்கள். நான் விளக்கிச் சொல்லச் சொல்ல, வேலையைச் சொல்ல வெட்கப்படுகிறேன் என்று அவர் முடிவு கட்டிவிட்டார். மூன்று வருடமாகிறது, இன்னும் ரொட்டி சானாய் தட்டை வைக்கும்போது நலம் விசாரிப்பது சலூனைத்தான்.

ஊரில் இருப்பவர்களுக்கும் இதே குழப்பம் வரும் என்பதால் சொல்லிவிடுகிறேன். மனத்துக்கு நெருக்கடி வரும்போது உடம்பு கார்ட்டிசால் என்ற ஒன்றைச் சுரக்கிறது. அதை இரத்தத்தில் அளக்கலாம், ஆனால் ஊசியைப் பார்த்த பயத்திலேயே அது ஏறிவிடும். காலையில் ஓர் அளவு, மாலையில் ஓர் அளவு என்று ஆட்டம் காட்டும். முடி அப்படி இல்லை. மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது, வளரும்போது அந்த மாதத்துக் கார்ட்டிசாலைத் தனக்குள் கொஞ்சம் வைத்துக்கொள்கிறது. தோலை ஒட்டி மூன்று சென்டிமீட்டர் வெட்டினால், அந்த ஆள் கடைசியாக வாழ்ந்த மூன்று மாதம் கையில் இருக்கிறது. அதைக் கழுவி, பொடியாக்கி, மெத்தனாலில் ஊறவைத்து அளக்கிறோம். என் அம்மாவுக்கு இதைச் சொன்னபோது, அடுத்தவங்க முடியைத் தொட்டால் குளிக்காமல் சாப்பிடாதே என்றார். அறிவியல் விளக்கம் அத்துடன் முடிந்தது.

எங்கள் ஆய்வு, சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸ் செய்துகொள்பவர்களை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் பெண்களைப் பற்றியது. நோயாளியை அளக்க ஊரெல்லாம் கருவிகள் இருக்கின்றன. பக்கத்தில் நிற்கும் பெண்ணின் உடம்பில் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும் என்பது என் மேலதிகாரி மேடம் சியூவின் எண்ணம். கிள்ளானில் ஆள் சேர்க்கப் போனது நான். தமிழ்ப் பெண்கள் என்பதால் தமிழச்சியை அனுப்பினார். போன முதல் நாளே ஒருவர், முடியை வாங்கிப் போய் யாருக்குச் செய்வினை வைக்கப் போகிறாய் என்று முகத்துக்கு நேராகக் கேட்டார். ஊர்க்காரங்களை நம்பக் கூடாது என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. இங்கே ஊர்க்காரர் என்றால் இந்தியாவிலிருந்து வந்தவர். நான் போய் நின்ற இடத்தில் எல்லார் முகமும் என் அத்தைகளின் முகமாக இருந்தது. அந்நியமாக இருந்தது நான் ஒருத்திதான்.

முதலில் முன்வந்தவர் பரமேஸ்வரி அக்கா. அவர் கணவர் முனியாண்டி அண்ணன் லோரி ஓட்டியவர், இப்போது வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ். அண்ணன் குடிக்கும் தண்ணீரை அக்கா ஒரு சின்ன கோப்பையில் அளந்துதான் கொடுப்பார், ஒரு மடக்கு கூடினாலும் சண்டைதான். அவருடைய எடை, பொட்டாசியம், யூரியா எல்லாம் அக்காவுக்கு மனப்பாடம். அக்காவின் உச்சிக்குப் பின்னால் ஒரு கற்றை எடுத்து, தோல் பக்கத்தை நூலால் கட்டி, அலுமினியத் தாளில் சுற்றினேன். அடுத்த முறை தைப்பூசம் முடிந்த வாரம் வருவேன், அதுவரை முடியை வெட்டக் கூடாது, சாயம் பூசக் கூடாது என்று சொல்லி, சரி என்று வாக்கு வாங்கிக்கொண்டேன்.

தைப்பூசம் முடிந்தது. கிள்ளானில் நாங்கள் வாடகைக்கு எடுத்திருந்த மண்டபத்தில் மேடம் சியூவும் நானும் கத்தரி, நூல், தாள் எல்லாம் பரப்பி உட்கார்ந்திருந்தோம். முதலில் வந்த பெண் மொட்டை. தலை முழுக்கச் சந்தனம். இரண்டாவதாக வந்தவரும் மொட்டை. பிறகு கூட்டமாக வந்தார்கள், பாதிக்கும் மேல் மொட்டை. சிலர் துண்டை எடுத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து, எடுத்துக்கொள் என்பதுபோல் பின்தலையைக் காட்டினார்கள். ஒரு வருட வேலை பத்துமலைக் கோயில் அடிவாரத்தில் கூடைகூடையாகப் போய்விட்டிருந்தது. மேடம் சியூ கத்தவில்லை, அதுதான் இன்னும் மோசம். மெதுவாக என் பக்கம் திரும்பி, “யூ இந்தியன் வாட். ஹவ் கம் யூ டோன்ட் நோ?” என்றார்.

தெரியாமல் என்ன? பழனியில் என் சித்தி மொட்டை போட்டு, திரும்பி வரும் பேருந்தில் எங்களையெல்லாம் தடவிப் பார்க்கச் சொன்னதை நான் மறக்கவில்லை. சமயபுரத்தில் என் தம்பிக்கு மொட்டை போட்டபோது அவன் அழுத அழுகை இன்னும் காதில் இருக்கிறது. ஆனால் வேண்டுதலும் மொட்டையும் எனக்கு ஊரில் நடப்பவை. இந்த நாட்டுக்கு வந்தது வேலைக்கு. இங்கே நாட்காட்டியில் தைப்பூசம் எனக்கு ஒரு விடுமுறை நாள், ரயிலில் கூட்டம் அதிகமாக இருக்கும் நாள். வீட்டில் படுத்த படுக்கையாக ஒருவர் இருக்கும் பெண்கள் வேண்டிக்கொள்ளாமல் வேறென்ன செய்வார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இதைச் சீன முகத்துப் பெண்ணொருவர் எனக்குக் கேள்வியாகக் கேட்க வேண்டியிருந்தது. அன்றைக்கு ரொம்ப அவமானமாக இருந்தது.

கடைசியாகப் பரமேஸ்வரி அக்கா வந்தார். அவரும் மொட்டைதான். அதற்கு இரண்டு மாதம் முன்பு அண்ணனுக்கு நெஞ்சில் நீர் கோத்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, வீடு திரும்பினால் முடி தருவதாக வேண்டிக்கொண்டிருக்கிறார். நான் முகத்தைத் தொங்கப் போட்டதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, கைப்பையிலிருந்து ஓர் அலுமினியத் தாள் சுருளை எடுத்து மேசையில் வைத்தார். பிரித்தேன். நீளமான ஒரு கற்றை, தோல் பக்கத்தில் மஞ்சள் நூல் கட்டியிருந்தது. மலையடியில் கத்தி படுவதற்கு முன்னால் இந்த ஒரு கற்றையை மட்டும் தோலை ஒட்டி வெட்டித் தரச் சொல்லி வாங்கியிருக்கிறார். “சாமிக்கும் வாக்கு குடுத்தேன், ஒங்களுக்கும் வாக்கு குடுத்தேன். யாருக்கும் பொய் சொல்லக்கூடாது பாருங்க” என்றார். எனக்கு அழுகை வந்தது. மேடம் சியூவுக்கு விஷயத்தை மொழிபெயர்த்துச் சொன்னேன்.

அடுத்த அதிர்ச்சி ஆய்வகத்தில். மாதிரிகளுக்கு எண் மட்டும்தான் உண்டு, பெயர் கிடையாது. ஆனால் மஞ்சள் நூல் கட்டியது யாருடையது என்று எனக்குத் தெரியாதா? அந்தத் தொகுதியில் எல்லாவற்றுக்கும் மேலே நின்றது அந்த முடிதான், கொஞ்சநஞ்சம் அல்ல. சந்தனம் பட்டிருக்கும், கழுவியது போதவில்லை என்று நினைத்து, பொடியில் மீதியை எடுத்துத் திரும்பச் செய்தேன். அதே அளவு. மேடம் சியூவே ஒருமுறை செய்து பார்த்தார். அதே அளவு. அந்தச் சிரிப்பும், கோப்பையில் தண்ணீர் அளந்து கொடுத்த நிதானமும் கண் முன்னால் வந்தன. என் அப்பாவுக்குச் சர்க்கரை முற்றியிருந்த வருடங்களில் தினமும் காலையில் அளந்து, சமையலறையில் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி அம்மா எண்ணைச் சொல்லுவார். அம்மாவுக்கு எப்படி இருக்கிறது என்று வீட்டில் ஒருவர்கூடக் கேட்டதாக எனக்கு நினைவில்லை, நான் உட்பட.

மார்ச் மாதத்தில் ஒரு காலை, அக்கா ஆய்வகத்துக்கே வந்துவிட்டார். தலையில் துணி கட்டியிருந்தார். அண்ணனுக்கு டயாலிசிஸ் குழாய் போட்ட இடத்தில் கிருமி தொற்றி, காய்ச்சல் இறங்காமல் வார்டில் இருக்கிறார். நாத்தனார் ஒரே வார்த்தையில் காரணம் சொல்லிவிட்டாராம்: சாமிக்கு என்று வேண்டின முடியில் ஒரு பங்கை எடுத்து வெளியாளுக்குக் கொடுத்தாயே. அதிலிருந்து அக்காவுக்குத் தூக்கம் இல்லை. “அந்த முடியக் குடுத்துருங்க தங்கச்சி. கொண்டுபோய்ப் பத்துமலையில போட்டுர்றேன். அவரு பொழச்சா போதும்” என்று வாசலிலேயே நின்றுகொண்டு சொன்னார். காய்ச்சலுக்கும் முடிக்கும் சம்பந்தம் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் அதை விட்டுவிட்டேன்.

மேடம் சியூவிடம் ஓடினேன். எங்கள் ஆய்வில் சேர்ந்தவர் எப்போது வேண்டுமானாலும் விலகலாம், விலகினால் மாதிரியைத் திருப்பித் தந்து அதன் முடிவையும் அழித்துவிட வேண்டும். பாதிப் பேர் மொட்டையடித்துப் போன ஆய்வில், நாங்கள் சொல்ல வந்ததை உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தது அந்த ஒரு அளவுதான். மேடம் சியூ யோசிக்கவே இல்லை. அது அவருடைய முடி, கொடுத்துவிடு என்றார். கொடுப்பதில் ஒரே சிக்கல், முழுசாக இல்லை. நாங்கள் எடுத்தது தோலை ஒட்டிய மூன்று சென்டிமீட்டர். மீதிக் கற்றை தாளில் பத்திரமாக இருக்கிறது. அந்த மூன்று சென்டிமீட்டர் பொடியாகி, கரைந்து, அளந்து முடிந்துவிட்டது. குழாய்களின் அடியில் கொஞ்சம் வண்டல் மட்டும் இருந்தது.

அக்காவை உட்காரவைத்துத் தாளை அவர் கையில் கொடுத்தேன். தோல் பக்கத்தைப் பார்த்தவுடனேயே குறைகிறது என்று கண்டுபிடித்துவிட்டார். சொல்லித்தான் ஆக வேண்டும், எல்லாவற்றையும் சொன்னேன். வெட்டியது கடைசி மூன்று மாதம், அண்ணன் நெஞ்சில் நீர் கோத்துக் கிடந்த நாட்களும் அதில்தான் இருந்தன, அதைத் திருப்பித் தர என்னால் முடியாது, வேண்டுமானால் அளந்த கணக்கை அழித்துவிடலாம் என்றேன். அதில் என்ன தெரிந்தது என்று கேட்டார். தனியாள் அளவை எங்கள் ஆய்வில் வெளியே சொல்வதில்லை. ஆனால் அவருடையதை அவர் கேட்கிறார். மேடம் சியூவைப் பார்த்தேன், அவர் தலையசைத்தார். எல்லாரையும்விட உங்களுக்குத்தான் அதிகம் அக்கா, நாங்கள் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டோம் என்றேன்.

“எனக்கா?” என்றார். “நோயாளி அவருதான?”

ஒரு மொட்டைத் தலைப் பெண் இவ்வளவு திகைத்து நான் பார்த்ததில்லை. அந்த வீட்டில் எத்தனை வருடமாக எவ்வளவோ அளந்திருக்கிறார்கள். அவர் பெயரில் ஓர் அளவு வந்தது அதுதான் முதல் முறை. பிறகு தாளை மடித்துக் கைப்பையில் வைத்தார். கணக்கை அழிக்கட்டுமா என்று கேட்டேன்.

“வேணாம். இதச் சாமிக்குக் குடுத்துர்றேன். அந்த மூணு மாசம் ஒங்ககிட்டயே இருக்கட்டும். அதப் போயி சாமிக்குக் குடுப்பாங்களா யாராவது?”

அவரைத் தனியாக அனுப்ப மனம் வரவில்லை. இருவரும் பத்துமலைக்குப் போனோம். முடி எடுக்கும் இடத்தில் இருந்தவரிடம் அக்கா அந்தக் கற்றையைக் கொடுத்து, தைப்பூசத்துப் பாக்கி என்றார். அவர் கேள்வி எதுவும் கேட்காமல் வாங்கிக் கூடையில் போட்டார். படி ஏற நேரமில்லை, அடிவாரத்திலேயே கும்பிட்டுவிட்டு ரயில் ஏறினோம். சென்ட்ரல் நிலையத்தில் மாறி அவர் நேரே கிள்ளானில் அண்ணன் இருக்கும் வார்டுக்குப் போக வேண்டும்.

ரயிலில் அக்கா என் சடையையே பார்த்துக்கொண்டு வந்தார். மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர்தானே, நீங்கள் வந்து எவ்வளவு காலம் என்று கேட்டார். மூன்று வருடம் என்றேன். சடையை எடுத்து முன்னால் போட்டு, உச்சியிலிருந்து விரலால் அளந்துகொண்டே வந்து, தோளுக்குக் கொஞ்சம் கீழே நிறுத்தினார். “இதுக்கு மேல எங்க ஊரு. இதுக்குக் கீழ ஒங்க ஊரு” என்றார். அவர் விரல் நின்ற இடத்தில் குனிந்து பார்த்தேன். ஒரு வேறுபாடும் இல்லை, ஒரே கறுப்பு. வைகைத் தண்ணீரில் வளர்ந்த முடி இடுப்பில் தொங்குகிறது. சிலாங்கூர்த் தண்ணீரில் வளர்ந்த முடி அதைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. நுனி வெடித்திருக்கிறதே, வெட்டிவிட மாட்டீர்களா என்றார். வெட்டுகிறேன் அக்கா, இங்கே வந்ததிலிருந்து சில மாதத்துக்கு ஒரு தடவை வெட்டிக்கொண்டுதான் இருக்கிறேன் என்று சொல்ல ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டேன்.

நான் வெட்டியதெல்லாம் மதுரை. கத்தரி படுவது எப்போதும் அந்தப் பக்கத்தில்தான், வளர்வது எப்போதும் இந்தப் பக்கத்தில்தான். இப்படியே போனால் இன்னும் சில வருடத்தில் ஊரில் வளர்ந்த முடி ஒன்றுகூட என் தலையில் இருக்காது, கண்ணாடியில் பார்த்தால் எனக்கே தெரியவும் தெரியாது. சென்ட்ரல் வந்ததும் அக்கா தலைத்துணியை இழுத்து விட்டுக்கொண்டு கிள்ளான் ரயிலுக்கு ஓடினார். நான் அந்தக் கூட்டத்தில், அவர் விரல் வைத்த இடத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன்.