கறுப்புச் சட்டையில் வெள்ளைக் கட்டம்

எங்கள் தொழிலில் ஒரு டிசைன் ஃபைலை அனுப்பும் முன் போனில் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "எந்த வெர்ஷன்ல வேணுங்க?" வாங்குகிறவர் கம்ப்யூட்டர் எவ்வளவு பழசோ, அந்தப் பழசுக்கு இறக்கித்தான் அனுப்புவோம். புதுசு வைத்திருப்பவர்தான் இறங்கி வரவேண்டும். திருப்பூரில் அதுதான் மரியாதை.

நான் நெருப்பெரிச்சல் பகுதியில் ஒரு பனியன் பிரிண்டிங் பட்டறையில் டிசைனர். பிறவியிலேயே சந்தேகப் பிராணி. கேஸை மூடினேனா என்று பார்க்கப் பாதி வழியில் வண்டியைத் திருப்புகிறவள். போய்ப் பார்த்தால் மூடித்தான் இருக்கும். "உனக்குப் போலீஸ்ல வேலை கெடைச்சிருக்கோணும்" என்பார் வீட்டுக்காரர். அதனால், டிசைன் சாப்ட்வேரின் புது வெர்ஷனைப் போட வந்த சர்வீஸ்காரரின் சிரிப்பே எனக்குப் பிடிக்கவில்லை.

"பழசுக்கு இறக்குனாலும் அப்படியே வருமுங்க அக்கா. எல்லாம் அதுவே பாத்துக்கும்" என்றார்.

எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறேன் என்று யார் சொன்னாலும் நான் இரண்டு தடவை பார்ப்பேன். ஆனால் புதுசில் வேலை சுகமாக இருந்தது, அதைப் பொய் சொல்ல முடியாது. நிழல், மங்கல், ஒளி என்று முன்பு அரை நாள் இழுத்ததெல்லாம் டீ ஆறுவதற்குள் முடிந்தது. இவ்வளவு சுகம் சும்மா வருமா என்று அதையும் சந்தேகப்பட்டேன்.

எங்களுக்கு ஃபிலிம் எடுத்துத் தந்தவர் பக்கத்துத் தெரு அக்கா. விருதுநகர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். டிசைனில் இருக்கும் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு ஃபிலிம் வேண்டும். அதை வைத்துத்தான் சட்டையில் அடிக்கிற ஸ்கிரீனைச் செய்வார்கள். அக்காவின் ஃபிலிம் மெஷின் அவரிடமிருந்த பழைய கம்ப்யூட்டர் ஒன்றுக்குத்தான் கட்டுப்படும். வேறு எதில் மாட்டினாலும் அசையாது. மற்ற பட்டறைகள் ஒவ்வொன்றாகக் கைவிட்ட பிறகு, எங்கள் வேலை ஒன்றுதான் அவருக்கு மிச்சம்.

புது வெர்ஷன் போட்ட பிறகு வந்த முதல் பெரிய ஆர்டர், குழந்தைகள் சட்டைக்கு ஒரு நிலா. சுற்றிலும் மஞ்சளாய் மங்கிக் கரைகிற ஒளி. வெள்ளைச் சட்டை பாதி, கறுப்புச் சட்டை பாதி. வெள்ளை முழுவதும் அழகாக அடித்து முடிந்தது. கறுப்பில் முதல் பீஸ் அடித்ததுமே பிரிண்டிங் மாஸ்டர் கத்தினார். நிலாவைச் சுற்றி ஒரு வெள்ளைக் கட்டம், ஒட்டிய ஸ்டாம்பு மாதிரி. தையலுக்குப் போகவேண்டிய கறுப்புத் துணிக் கட்டுகள் அப்படியே நின்றுபோயின.

முதலாளி வந்தார். கூடவே சர்வீஸ்காரரும் நின்றார்.

"அந்தம்மா கம்ப்யூட்டரு ரொம்பப் பழசுங்க. அதான் இப்படி. முதலிபாளையத்துல புது ஃபிலிம் மெஷின் வந்துருக்குதுங்க" என்றார் அவர்.

அந்த மெஷினுக்கும் சர்வீஸ் இவர்தான் என்பது எனக்குத் தெரியும். மூக்கு வேர்த்துவிட்டது. அக்காவின் பிழைப்பில் இவர் கை வைக்கப் பார்க்கிறார் என்று பற்றிக்கொண்டு வந்தது. அக்காவுக்கு அனுப்பிய அதே ஃபைலை என் கம்ப்யூட்டரிலேயே திறந்தேன். வெள்ளைப் பக்கத்தில் நிலா குற்றமில்லாமல் இருந்தது. எனக்குத் திருப்தியில்லை. பின்னால் ஒரு கறுப்புக் கட்டத்தைப் போட்டுப் பார்த்தேன். பளிச்சென்று தெரிந்தது வெள்ளைக் கட்டம். ஃபைல் எங்கள் வாசலைத் தாண்டும் முன்பே கெட்டிருக்கிறது. வெள்ளைப் பக்கத்தில் வெள்ளை யார் கண்ணுக்குத் தெரியும்?

அப்போது எனக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே! முதலாளியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"அக்கா மேல தப்பில்லீங்க. பழசுக்கு ஒளியை மங்க வெக்கத் தெரியாதுங்க. அதனால நம்ம சாப்ட்வேரே இறக்கறப்ப அதைப் படமா மாத்தி, பின்னாடி வெள்ளையை ஒட்டிருதுங்க."

அவர் குனிந்து நன்றாகப் பார்த்தார். கெட்ட மனிதர் இல்லை.

"செரி கண்ணு. அப்ப பழசுக்கு எறக்காம இருந்தா இந்தக் கட்டம் வராதுதானே?"

சர்வீஸ்காரர் இப்போது சிரிக்கக்கூட இல்லை. அவருக்கு அதற்கு அவசியமே இருக்கவில்லை.

"இனிமே ஒவ்வொண்ணையும் கறுப்பு வெச்சுப் பாத்துட்டு அனுப்பறனுங்க" என்றேன்.

"நீ லீவு போட்டா ஆரு பாக்கறது?"

நிலா முதலிபாளையத்துக்குப் போனது, புது வெர்ஷனிலேயே. கட்டம் வரவில்லை.

சாயங்காலம் அக்கா போன் செய்தார். எங்கள் மாஸ்டர் சொல்லிக் கேள்விப்பட்டிருக்கிறார்.

"எம்மேல தப்பில்லன்னு காட்டிட்டியாமே. நல்லா இருப்பம்மா. திருத்துன ஃபைலு எப்ப வரும்? மெசின ஆன் பண்ணியே வச்சிருக்கேன்."

பொய் சொல்லலாமா என்று பார்த்தேன். வாய் வரவில்லை. முதலாளி கேட்டதையும், நிலா எங்கே போனது என்பதையும், இனி எல்லாமே அங்கேதான் என்பதையும் சொல்லிவிட்டேன். அந்தப் பக்கம் மெஷினை அணைக்கிற சத்தம் கேட்டது.

"அப்ப தப்பு எம்மேல இருந்திருந்தா," என்றார் அக்கா, "திட்டிட்டு, திருத்திக் குடுன்னு எங்கிட்டயே குடுத்திருப்பாகல்ல?"