கட்டிலுக்கடியில் ஓட்டைக் கடதாசிகள்

போன சனிக்கிழமை சிட்னியின் பெண்டில் ஹில் பகுதிக் கடையொன்றில் மரக்கறி வாங்கினேன். காசு கொடுத்ததும் கை தன்பாட்டில் பில்லை எடுத்து, கவுண்டரின் மரச்சட்டத்துக்கும் கண்ணாடிக்கும் இடையில் செருகிப் பார்த்தது. தடையில்லாமல் ஓடியது. கடைக்காரப் பெடியன் என்னைச் சந்தேகமாகப் பார்த்தான். எனக்குப் பழகிய பார்வைதான்.

சிட்னிக்கு வந்த புதிதில் ஒரு பட்டறையில் வேலை செய்தேன். இலக்குச் சுடும் போட்டிக்காரரின் துவக்குகளுக்கு மரக்கட்டை பொருத்துகிற வேலை. லைசென்ஸ், பொலிஸ் அனுமதி எல்லாம் ஒழுங்காக இருந்தது. ஆனால் கிரவீனில் இருந்த வாடகை வீட்டில் கதிரை மேசை செய்வதாகத்தான் சொல்லி வைத்திருந்தேன். எங்கள் சனத்திடம் துவக்கு என்று வாய் திறந்தால், கதை எந்த வீட்டில் போய் எப்படி முடியும் என்று யார் கண்டது?

அந்த வீட்டில் என்னோடு இருந்தவன் குமரன். இலங்கையிலிருந்து படகில் வந்தவன், விசா முடிவுக்காகக் காத்திருந்தான். நான் பிந்தி வந்தால் சோறு கறியை மூடி வைத்திருப்பான். நல்ல பிள்ளை. மூக்குத்தான் பொல்லாதது.

"கதிரைக்கு ஏன் அண்ணை இரும்பு எண்ணெய் மணக்குது?"

அன்றிலிருந்து என் பையின் ஸிப்பை அரைவாசி இழுத்து, அடையாளம் வைத்துவிட்டுத்தான் குளிக்கப் போவேன். பெரிய துப்பறியும் ஆள் என்ற நினைப்பு.

அப்போது ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவரின் துவக்கு கையில் இருந்தது. ஒவ்வொரு சூட்டுக்கும் கைப்பிடியை இழுத்துத் தள்ளும் ரகம். துவக்கின் குழாய் மரத்தில் எங்கும் முட்டக்கூடாது. இடையில் கடதாசித் துண்டை ஓடவிட்டுப் பார்ப்போம், சிக்கினால் அங்கே சீவுவோம். மரத்தைப் பிடிக்கும் திருகாணியைக் கால் சுற்று கூட்டிக் குறைத்தாலும் குறி மாறும். ஒவ்வொரு திருத்தத்துக்கும் பிறகு வாத்தியார் இலக்குத் தாளில் ஐந்து தரம் சுட்டு, அதில் திகதி போட்டுத் தருவார். வீட்டுக்குக் கொண்டுவந்து பார்த்து யோசிப்பேன், பிறகு கட்டிலுக்கடியில் ஒளித்து வைப்பேன். முதல் தாளில் ஓட்டைகள் சாசர் அளவுக்குப் பரந்து கிடந்தன. ஆறாவதில் ஐந்தையும் ஒரு பத்துச் சத நாணயம் மறைத்தது. எனக்குத் தலைகால் புரியாத சந்தோசம்.

ஒரு பின்னேரம் வேலையால் வந்தபோது, ஆறு தாளும் குசினி மேசையில் திகதி வரிசைப்படி அடுக்கியிருந்தன. பக்கத்தில் குமரன்.

"ஆரைச் சுடப் பழகுறியள் அண்ணை?"

"அது வேலை தம்பி. போட்டித் துவக்கு."

"கதிரை எண்டெல்லோ சொன்னனீங்கள்?"

அவசரமாக லைசென்ஸ் அட்டையை எடுத்து நீட்டினேன். என் மடத்தனம் அதுதான். அரசாங்க அடையாளத்தைக் கண்டதும் அவன் முகம் இன்னும் வெளிறியது.

ஞாயிற்றுக்கிழமை அவன் அறை வெறுமையாக இருந்தது. அதற்குப் பிறகும் நான் யோசித்தது என்னைப் பற்றித்தான். யாரிடம் போய் என்ன சொல்லியிருப்பான்? மாதக்கணக்காக வாசல் மணி அடித்தால் யன்னலால் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் கதவைத் திறந்தேன். ஒருவரும் வரவில்லை.

இன்று அந்தப் பட்டறை இருந்த இடத்தில் உடற்பயிற்சிக்கூடம். கிரவீன் வீட்டை இடித்து இரட்டை வீடு கட்டிவிட்டார்கள். குமரன் மெல்பேர்னுக்குப் போய் யாரோ ஒருவரின் கராஜில் படுத்திருந்ததாகப் பிறகு ஒரு நண்பர் சொன்னார். படகில் வந்தவர்களை வேவு பார்க்க அரசாங்கம் வைத்த ஆள் நான், விசாவைக் கெடுத்துவிடுவேன் என்று பயந்தானாம். "அந்த அண்ணை இயக்கமோ, ஆமியின்ரை ஆளோ?" என்றுதான் அந்தக் கராஜ்காரரிடம் கேட்டானாம்.

நான் வெறும் தச்சன் என்று சொல்ல, அவனுடைய நம்பர் ஒருவரிடமும் இல்லை.