ஒலிபெருக்கியில் வந்த பெயர்

நாகஜோதிக்கு நாலு நாளாகக் கால் ஓரிடத்தில் தரிக்கவில்லை. மிளகாய்த் தோட்டத்துக்குக் கிளம்புவாள், பாதி வழியில் திரும்புவாள். அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலுக்கு வந்து பக்கத்து வீட்டையே பார்ப்பாள். அங்கே ஜெயப்பிரியா வீட்டு முன்கூடத்தில் அரசாங்க முத்திரை வைத்த பூட்டு தொங்கியது. அதற்குக் காரணம் இவள் போட்ட கையெழுத்து.

திருப்புல்லாணிக்குத் தெற்கே அந்த ஊரில் நாகஜோதியை வாயாடி என்பார்கள். பொய்யில்லை. குழாயடிக்கு அவள் வந்தால் வரிசை தானாக ஒதுங்கும். ஆனால் வஞ்சம் வைக்கத் தெரியாதவள். வெள்ளி தவறாமல் மாரியம்மனுக்கு விளக்குப் போடுகிறவள்தான், ஞாயிறு ஜெபத்துக்கு ஜெயப்பிரியா வீட்டில் ஆள் கூடினால் பாயும் கொடுத்தனுப்புவாள். ஏழு வருஷம் அப்படித்தான் போனது.

ஒலிபெருக்கி வந்துதான் கெடுத்தது. அதைக் கட்டிய முதல் ஞாயிறே ஜெயப்பிரியா கண்ணை மூடிக்கொண்டு, "பக்கத்து வீட்டு நாகஜோதி அக்கா புருஷன் மருதுபாண்டி அண்ணனுக்குக் குடியிலருந்து விடுதலை தாரும் கர்த்தாவே" என்று உருகிவிட்டாள். பாசத்தில்தான். ஆனால் கண்மாய்க்கரை வரைக்கும் கேட்டது. கடைத்தெருவே சிரித்தது.

ஊரில் மனு எழுதும் யோகேஸ்வரனிடம் ஓடினாள் நாகஜோதி. "அந்த மைக் செட்டுக் கொழாயக் கழத்தச் சொல்லி எழுதுங்கண்ணே." அவர் எழுதினார். ஆத்திரத்தில் படிக்காமலே கையெழுத்துப் போட்டாள். பத்தே நாளில் அதிகாரிகள் வந்து கூடத்தைப் பூட்டினார்கள். ஜெயப்பிரியா மதுரைக்குப் போய் உயர்நீதிமன்றத்தில் வழக்குப் போட்டாள். புகார் கொடுத்தவரை நேரில் விசாரித்து முடிவெடுக்கச் சொல்லி உத்தரவானது. விசாரணை நோட்டீஸோடு வந்த மனுவின் நகலை அப்போதுதான் நாகஜோதி படித்தாள். 'ஒலிபெருக்கியில் என் பெயரைச் சொல்லி மதம் மாறக் கட்டாயப்படுத்தினார்.' அவள் சொல்லாத வரி அது; நகலைத் தூக்கிக்கொண்டு யோகேஸ்வரனிடம் போனாள்.

"மாத்திச் சொன்னா ஊர்ல தலைகாட்ட முடியாது தாயி" என்றார் யோகேஸ்வரன்.

"வாயப் பொத்திக்கிட்டு வா" என்றான் மருதுபாண்டி.

ராமநாதபுரத்தில் விசாரணை. பின்னால் ஊர்க்காரர்கள் பத்துப் பேர், கூடவே புருஷன். அதிகாரி மனுவை வாசித்துவிட்டு, "இது உண்மையாம்மா?" என்று கேட்டார்.

ஆமாம் என்றால் பூட்டு திறக்காது. இல்லை என்றால், பிறகு அந்தம்மா என்னதான் சொன்னார் என்று கேட்பார்.

"எம்பேரச் சொன்னது நெசம்யா. மதம் மாறச் சொல்லல. எம்புருஷன் குடிய விடணும்னு வேண்டுச்சு. அது ஊருக்கே கேட்டுப்போச்சேங்கிற அவமானத்துலதான் மனுக் குடுத்தேன். கொழாயத்தான் கழத்தச் சொன்னேன், சாமி கும்புடுறதத் தடுக்கச் சொல்லல."

எந்த மானக்கேட்டுக்குப் பயந்தாளோ, அதை அவளே அரசாங்கக் காகிதத்தில் ஏற்றினாள். இந்த முறை வரி வரியாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். மருதுபாண்டி யாரையும் பாராமல் வெளியேறினான்.

படியிறங்கும்போது ஜெயப்பிரியா ஓடிவந்து கையைப் பிடித்தாள்.

"மன்னிச்சிருங்கக்கா. பூட்டத் தெறந்தாலும் இனிமே கொழா கட்டமாட்டேன். ஒங்க வீட்டுப் பேரையும் சொல்லமாட்டேன்."

நாகஜோதி ரோட்டைப் பார்த்தாள். மருதுபாண்டி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போகாமல் ஒயின்ஷாப் சந்துக்குள் நுழைந்துகொண்டிருந்தான்.

"மெதுவாச் சொல்லுத்தா. சொல்லாம மட்டும் இருந்துராத."