அப்பாவின் துப்பாக்கியில் என் ஈயம்

துப்பாக்கி சுட்டால் எதிரே நிற்பவனுக்குத்தான் ஆபத்து என்று எங்கள் தெருவில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் வீட்டில் மட்டும் அது பின்பக்கம் என்ன செய்யும் என்பதைப் பற்றியே ஒரு வருடம் முழுக்கப் பேச்சாக இருந்தது.

அப்பா ராணுவத்திலிருந்து வந்தபிறகு ஒரு வங்கியில் கன்மேனாக இருந்தார். சொந்தத் துப்பாக்கியும் லைசென்ஸும் இருந்தால்தான் அந்த வேலை கிடைக்கும். அவருடையது இரட்டைக் குழல் துப்பாக்கி. பகலெல்லாம் வங்கி வாசலில் அவர் தோளில் இருக்கும். மற்ற நேரங்களில் அடுகோடியில் இருந்த எங்கள் வீட்டு பீரோவில், அம்மாவின் இரண்டு பட்டுப் புடவைகளோடு பூட்டி வைக்கப்பட்டிருக்கும்.

நான் நாலாம் வகுப்பு படித்த வருடம், ஓசூர் ரோட்டில் பஸ் படியிலிருந்து விழுந்து அப்பாவுக்கு வலது காறை எலும்பு முறிந்தது. மாவுக்கட்டைப் பிரித்தபோது எலும்பு கூடியிருந்தது, ஆனால் கோணலாக. சட்டை போட முடிந்தது, சைக்கிள் ஓட்ட முடிந்தது. சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. வருடத்துக்கு ஒரு நாள் வங்கிக்காரர்கள் எல்லா கன்மேன்களையும் ஊருக்கு வெளியே ஒரு மைதானத்துக்குக் கூட்டிப் போய் ஆளுக்கு ஐந்து தோட்டா சுடச் சொல்வார்கள். ஒழுங்காகச் சுடாதவருக்கு வேலை போய்விடும். துப்பாக்கியின் பின்கட்டையோ சரியாக அந்தக் கோணல் எலும்பின் கீழேதான் உட்காரும். இடது தோளில் வைத்துச் சுடலாமே என்று நான் யோசனை சொன்னேன். "நீ எடது கைல ஒரு பக்கம் எழுதிக்காட்டு, நான் சுடறேன்" என்றார் அப்பா. அரைப் பக்கம் எழுதினேன். யாரும் பார்க்கவில்லை.

அப்போதுதான் மாமா பொறுப்பை எடுத்துக்கொண்டார். மாமா அம்மாவின் தம்பி. தெருக்கோடி லேத் பட்டறையில் டர்னர். உலகத்தில் எந்தப் பொருளையும் அது செய்யப்பட்டபடியே விட்டுவைக்க அவருக்கு மனசு வராது. எங்கள் மிக்ஸிக்கு அவர் கைவைத்தபிறகு அம்மா அம்மிக்குத் திரும்பியிருந்தாள்.

முதலில் ஹவாய் செருப்பை வெட்டிக் கட்டையின் முனையில் ஒட்டினார். ஹெப்பகோடிக்கு அப்பால் ராகி நிலம் வைத்திருந்த அப்பாவின் பழைய ராணுவ சிநேகிதர் வீட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் போனோம். கொல்லையில் மண்மேட்டைப் பார்த்து அப்பா ஒரே ஒரு தோட்டா சுட்டார். சத்தத்துக்குக் காதைப் பொத்தியிருந்த நான் கண்ணைத் திறந்தபோது அவர் தரையில் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தார். முகம் வெளுத்துப்போயிருந்தது. செருப்பு ரப்பர் தனியே கிடந்தது. திரும்பி வரும்போது பஸ்ஸில் யாரும் பேசவில்லை. மாமாகூடப் பேசவில்லை என்பதால் விஷயம் பெரியது என்று எனக்குப் புரிந்தது.

மறு வாரமே மாமா தேறிவிட்டார். கட்டையின் முனையை முக்கால் அங்குலம் அறுத்துவிட்டு, பட்டறை மெஷின் அதிராமல் இருக்க அதன் காலுக்கடியில் வைக்கிற தடித்த ரப்பரை அதே வடிவத்தில் வெட்டி இரண்டு ஸ்க்ரூ போட்டு முடுக்கினார். பிறகு அசல் யோசனைக்கு வந்தார்.

"காலி தள்ளுவண்டிய ஒதைச்சா ஓடும். மூட்டை ஏத்தின வண்டிய ஒதைச்சா அசையுமா? துப்பாக்கியும் அதேதான் மாமா. கனம் ஏத்திட்டா ஒதை பாதியாயிடும்." அக்கா புருஷன் என்பதால் அவர் அப்பாவை மாமா என்றுதான் கூப்பிடுவார்.

"நான் தூக்கிக்கினு நிக்கணும் இல்லப்பா?"

"அய்ய, சும்னே இரு மாமா. மிலிட்டரில தூக்காத கனமா?"

கனத்துக்கு ஈயம் வேண்டும். அது என் வேலையாயிற்று. கார் சக்கரம் ஆடாமல் சமமாகச் சுற்றுவதற்காக அதன் ஓரத்தில் சின்னதாக ஈயத் துண்டுகள் வைத்திருப்பார்கள். டயர் கடையில் சக்கரத்தைக் கழற்றும்போது பழைய துண்டுகளைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். பள்ளி விட்டு வரும் வழியில் கடைக்காரரைக் கேட்டுக் கேட்டு, ஜியாமெட்ரி பாக்ஸ் நிறையக் கொண்டுவந்தேன். காம்பஸும் டிவைடரும் பைக்குள் அனாதையாகக் கிடந்தன. மூன்று வாரத்தில் ஒரு கிலோவுக்கு மேல் சேர்ந்தது. மாமா அதை உருக்கி இரண்டு குச்சிகளாக வார்த்து, கட்டைக்குள் துளை போட்டுச் செருகி, ஆடாமல் இருக்கப் பஞ்சுக் கழிவை அடைத்து ரப்பரை மூடினார். நான் கூடவே இருந்தேன். வாழ்க்கையில் அதுவரை நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அதுதான் என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் நம்பினேன்.

அம்மாவும் சும்மா இருக்கவில்லை. அவள் பொம்மசந்திராவில் ஒரு தையல் கம்பெனியில் வேலை பார்த்தாள். வெளிநாட்டுக்குப் போகிற பெண்கள் கோட்டுகளின் தோளில் வைக்கிற பஞ்சுத் திண்டுகளில் கழித்துப் போட்டவற்றைக் கேட்டு வாங்கிவந்து, நான்கை ஒன்றாகத் தைத்து, அப்பாவின் பனியனில் உள்பக்கமாக வைத்தாள்.

"பொம்பளைங்க கோட்டுல வெக்கிறதையா?" என்றார் அப்பா.

"உள்ள போட்டுக்கினா யாருக்குத் தெரியப்போவுது?" என்றாள் அம்மா.

இன்னொரு முறை ராகிக் கொல்லைக்குப் போய்ச் சுட்டுப் பார்க்க அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. நாளையும் நெருங்கிவிட்டது. ரப்பர், ஈயம், திண்டு மூன்றோடும் அவர் நேராகப் பரீட்சைக்கே போனார். ஐந்தையும் ஒழுங்காகச் சுட்டார். மைதானத்துக்கு வெளியே காத்திருந்த மாமாதான் முதலில் ஓடிவந்து சொன்னார். அம்மா அப்பாவின் சட்டையைக் கழற்றச் சொல்லித் தோளைப் பார்த்தாள். சிவந்திருந்தது, அவ்வளவுதான். "ஈயம்! எல்லாம் ஈயம்!" என்று மாமா என் தலையைத் தட்டினார். அம்மாவின் திண்டைப் பற்றி யாரும் பேசவில்லை.

வருடத்தில் ஐந்து முறை உதைக்கிற துப்பாக்கியைத்தான் நாங்கள் சரிசெய்திருந்தோம். மற்ற நாட்களில் எல்லாம் அது உதைப்பதில்லை, தொங்குகிறது. காலை பத்திலிருந்து மாலை ஐந்துவரை, ஒரு கிலோ கூடுதலாக, அதே கோணல் எலும்பின் மேல். கைதேர்ந்த டர்னரும், ஏழு வருட அனுபவமுள்ள தையல்காரியும், வகுப்பில் இரண்டாவது ரேங்க் வாங்குகிற நானும் இதை யோசிக்கவே இல்லை. அப்பா ஒருவர்தான் யோசித்திருந்தார், அவர் பேச்சை மாமா முடித்துவைத்துவிட்டார்.

இடது தோளில் மாட்டினால் அவசரத்துக்குக் கைக்கு வராது என்பார் அப்பா. இரண்டு மாதத்தில் அவருடைய வலது தோள் இறங்கிவிட்டது. வேலை முடிந்து வந்ததும் அம்மா தைலம் தேய்ப்பாள். கை மேலே போகாது; தலை வாரக்கூட இடது கைதான். ஒரு ஞாயிறு காலையில் அம்மா பீரோவைத் திறந்து துப்பாக்கியை எடுத்துப் பாயில் கிடத்தினாள். தையல் மெஷினுக்கு வைத்திருந்த ஸ்க்ரூடிரைவரால் ரப்பரைக் கழற்ற ஆரம்பித்தாள். ஒரு ஸ்க்ரூ வெளியே வந்திருந்தது. குளித்துவிட்டு ஈரத் துண்டோடு வந்த அப்பா அவள் கையைத் தட்டிவிட்டார்.

"ஈயத்த மட்டும் எடுத்துடறேங்க. உயிர் போவுது உங்களுக்கு."

"கைய எடு! எதுனால சுட்டேன்னு உனக்குத் தெரியுமா? உன் தம்பிக்குத் தெரியுமா? எனக்கே தெரியாது!"

அவர் அம்மாவிடம் கத்தியதை நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். மூன்றில் எது அவரைக் காப்பாற்றியது என்று அவருக்குத் தெரியவில்லை. அதனால் மூன்றில் எதையும் எடுக்க அவருக்குத் தைரியம் வரவில்லை. அடுத்த வருடமும் பரீட்சை இருந்தது, அதற்கடுத்த வருடமும். கழற்றின ஸ்க்ரூவை அவரே திரும்ப முடுக்கினார். முடுக்கியபின் ரப்பர் ஆடுகிறதா என்று இரண்டு முறை அழுத்திப் பார்த்தார்.

நான் வாசற்படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன். துப்பாக்கி வைத்திருக்கிற ஆளுக்குப் பயம் இருக்கும் என்பது என் அறிவுக்கு எட்டாத விஷயம். அப்பா என் ஈயத்துக்காகச் சண்டை போட்டார் என்றுதான் நினைத்தேன். தன் திண்டை யாரும் பாராட்டாததால் அம்மாவுக்கு என் மேல் பொறாமை என்றும் முடிவுகட்டினேன். அன்று முழுக்க நான் அவளோடு பேசவில்லை.